ஐரோப்பா சென்று வந்த பிள்ளையும் கேமரன் மலைக் கட்டுரையும்



ஒரு தலைமுறைக்கு முன்னர், தோட்டத்து லயன் வீட்டிலிருந்து கோலாலம்பூருக்கு வந்து போவதே நம்மவர்களுக்குப் பெரும் பயணமாக இருந்தது. இன்று பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் வட்டாரங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் சில, நீண்ட பள்ளி விடுமுறையில் ஆம்ஸ்டர்டாம், கோப்பன்ஹேகன், ஓஸ்லோ என்று வட ஐரோப்பாவுக்கே குடும்பத்தோடு சுற்றுலா சென்று வருகின்றன. உழைத்துச் சேர்த்த பணத்தில் பிள்ளைகளுக்கு உலகத்தைக் காட்டுவது பாராட்டத்தக்கது. அதில் எனக்கு எள்ளளவும் மாற்றுக் கருத்தில்லை. என் கவலை வேறு. சென்று வந்த பயணம் பிள்ளையின் தமிழில் எங்கே பதிந்திருக்கிறது?

பள்ளி திறந்ததும் 'நான் சென்ற சுற்றுலா' என்று கட்டுரை எழுதச் சொல்வது நம் வழக்கம். நெதர்லாந்துக்குப் போய் வந்த ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன், கேமரன் மலையைப் பற்றி எழுதிக் கொண்டு வந்தான். குளிர்ந்த காற்று, பச்சைப் பசேல் என்ற தேயிலைத் தோட்டம், மறக்க முடியாத இனிய அனுபவம் என எல்லாம் பயிற்சி நூலில் உள்ளபடியே இருந்தன. ஏன் என்று கேட்டேன். "மாதிரிக் கட்டுரையில கேமரன் மலைதான் ஐயா இருக்கு. அங்க பார்த்ததைத் தமிழில எழுத வராது" என்றான். அதே மாணவன் தன் நண்பனிடம் காற்றாலையைப் பற்றி ஆங்கிலத்தில் கால் மணி நேரம் பேசக்கூடியவன்!

இதைச் சொல்வளக் குறைவு என்று மட்டும் எண்ணிவிடக் கூடாது. தான் கண்டு வியந்தவை எல்லாம் ஆங்கிலத்திற்கு உரியவை, மனப்பாடம் செய்தவை மட்டும் தமிழுக்கு உரியவை என்று அந்தப் பிள்ளை பத்து வயதிலேயே பிரித்து வைத்துவிட்டது. யுபிஎஸ்ஆர் தேர்வு 2021-ஆம் ஆண்டில் கைவிடப்பட்டது. ஆனால் அத்தேர்வுக்காக நாம் வளர்த்த மனப்பாடக் கட்டுரைப் பழக்கம் இன்னும் நம்மை விட்டுப் போகவில்லை. வியப்பைச் சொல்ல உதவாத மொழியைப் பிள்ளைகள் எத்தனை காலம் விரும்புவார்கள்?

உண்மையில், நெதர்லாந்து நாட்டுப்புறத்தை வருணிக்கத் தமிழைப் போல் ஆயத்தமாக இருக்கும் மொழிகள் சிலவே. அந்நாட்டு நிலத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கடல் மட்டத்தைவிடத் தாழ்ந்தது. கரை எழுப்பிக் கடலைத் தடுத்து, உள்ளே தேங்கும் நீரைக் காற்றாலைகளால் இறைத்து வெளியேற்றி, அந்த நிலத்தை அவர்கள் உருவாக்கினார்கள். கிண்டர்டைக் என்னும் சிற்றூரில் வரிசையாக நிற்கும் 19 காற்றாலைகளில் பெரும்பாலானவை 1740-ஆம் ஆண்டு வாக்கில் நீரிறைப்பதற்கென்றே கட்டப்பட்டவை. யுனெஸ்கோ அவற்றை 1997-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. இதை எழுத என்னென்ன சொற்கள் வேண்டும்? கரை, மதகு, மடை, வாய்க்கால், வடிகால், ஏற்றம், இறைத்தல். இவை அனைத்தும் ஏரியும் குளமும் வெட்டி வாழ்ந்த நம் முன்னோரின் அன்றாடச் சொற்கள் அல்லவா?

அவ்வளவு தொலைவு போவானேன்? கிள்ளானுக்கு அருகிலுள்ள கேரித் தீவிலும் கடல்நீர் புகாமல் அணைக்கரை எழுப்பி, மதகு வைத்துத்தான் தோட்டம் போட்டார்கள். சிலாங்கூர்க் கடலோரத் தோட்டங்களில் மண்வெட்டி பிடித்து வடிகால் வெட்டியவர்களில் நம் பாட்டன்மார்களும் உண்டு. ஆம்ஸ்டர்டாம் கால்வாயில் படகேறும் பிள்ளையிடம், "உன் கொள்ளுத்தாத்தாவும் இப்படித்தான் கடலோரத்தில் வாய்க்கால் வெட்டினார்" என்று ஒரு தாய் சொன்னால் போதும். அந்தக் கால்வாய் அன்றோடு பிள்ளைக்குச் சொந்தமாகிவிடும்.

வட ஐரோப்பாவுக்கு நமக்கு முன்பே தமிழ் போய்ச் சேர்ந்திருக்கிறது என்பதையும் பிள்ளைகள் அறிய வேண்டும். கடாரத்தையும் ஆண்ட ஸ்ரீவிஜய மன்னன் நாகப்பட்டினத்தில் எழுப்பிய சூடாமணி விகாரம் என்ற புத்தப் பள்ளிக்கு, இராசராச சோழன் ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயைக் கொடையாகத் தந்தான். அக்கொடையைக் கூறும் 21 செப்பேடுகளில் 16 தமிழில் எழுதப்பட்டவை. 19-ஆம் நூற்றாண்டு முதல் நெடுங்காலம் நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்தில் இருந்தமையால் அவற்றை 'லைடன் செப்பேடுகள்' என்றே உலகம் அழைக்கிறது. கடாரம் என்பது நம் கெடா மாநிலம். தமிழகத்தையும் மலேசியாவையும் இணைக்கும் சான்றுக்கு ஒரு டச்சு நகரத்தின் பெயர் அமைந்த வரலாற்றை எந்தச் சுற்றுலா வழிகாட்டியும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லப் போவதில்லை. நாம்தான் சொல்ல வேண்டும்.

கோப்பன்ஹேகனில் எல்லாரும் கடற்கன்னிச் சிலையருகே நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். நல்லது. தஞ்சை மன்னர் இரகுநாத நாயக்கர் 1620-இல் தரங்கம்பாடியை டேனியர்களுக்கு அளித்தபோது, தங்க ஏட்டில் தமிழில் எழுதிய கடிதம் டென்மார்க் மன்னருக்குச் சென்றது. டென்மார்க் மன்னர் அனுப்பிய சீகன்பால்கு 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கி, தமிழ் கற்று, அச்சகம் நிறுவி, 1715-இல் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார். இன்னொரு செய்தியும் உண்டு. பேராக்கில் உள்ள ஜெண்டராட்டா தோட்டத்தை 1906-இல் தொடங்கியவர் டென்மார்க் நாட்டவரான ஆகே வெஸ்டன்ஹோல்ஸ். அங்கே பால்மரம் வெட்டியவர்கள் நம்மவர்கள். அந்நாட்டுத் தெருவில் நடக்கும்போது சொல்வதற்கு நம்மிடம் கதை இல்லை என்று யார் சொல்ல முடியும்?

ஓஸ்லோவின் நிலையை ஆசிரியர்கள் சிறப்பாகக் கவனிக்க வேண்டும். இலங்கைப் போரினால் புலம்பெயர்ந்த ஈழத்தமிழர்கள் நோர்வேயில் வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளை நடத்துகிறார்கள். டிசம்பரில் பிற்பகல் மூன்றரை மணிக்குள் கதிரவன் மறைந்துவிடும் நகரம் அது. வாரம் முழுவதும் நோர்வே மொழியில் படித்த பிள்ளைகள், ஓய்வு நாளில் பனியில் நடந்து வந்து அ, ஆ படிக்கிறார்கள். ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளை வைத்துக்கொண்டிருக்கும் நாம், அவர்கள் முன் எந்தத் தமிழோடு நிற்கப் போகிறோம்?

"விடுமுறையிலும் வீட்டுப்பாடமா? பிள்ளை மகிழ்ச்சியாக இருக்கட்டுமே" என்று பெற்றோர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நான் பாடச்சுமையைக் கூட்டச் சொல்லவில்லை. பின்வருவனவற்றைச் செய்தாலே போதும்:

1. பயணத்திற்கு முன் ஒரு மாலை ஒதுக்கி, போகும் ஊரைப் பற்றிய ஒரு செய்தியைத் தமிழில் பேசுங்கள்.

2. நாள்தோறும் இரவில் ஐந்தே வரிகள் தமிழில் எழுதச் செய்யுங்கள். பிழை இருந்தாலும் திருத்த வேண்டாம். தெரியாத சொல்லுக்கு ஆங்கிலமே இருக்கட்டும். வீடு திரும்பியதும் தமிழ்ச்சொல்லைத் தேடிக்கொள்ளலாம்.

3. தாத்தா பாட்டிக்குப் புலனத்தில் படம் அனுப்பும்போது, பிள்ளையின் குரலில் தமிழ் விளக்கமும் அனுப்பச் சொல்லுங்கள்.

4. ஆசிரியர்களே, மாதிரிக் கட்டுரையிலிருந்து விலகி எழுதும் மாணவனுக்கு மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள். கண்டதை எழுதியதற்காகவே ஒரு மதிப்பெண் கூட்டிக் கொடுங்கள்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. ஒரே வகுப்பில், ஐரோப்பா சென்ற பிள்ளைக்குப் பக்கத்தில் விடுமுறை முழுவதும் அடுக்குமாடி வீட்டிலேயே இருந்த பிள்ளையும் அமர்ந்திருக்கிறது. "யார் யார் வெளிநாடு போனீர்கள்?" என்று வகுப்பில் கேட்பதை நாம் தவிர்த்தல் வேண்டும். கிள்ளானிலிருந்து இரண்டு, மூன்று மணி நேரப் பயணத்தில் மலாக்கா இருக்கிறது. 1641-இல் டச்சுக்காரர்கள் கைப்பற்றிய நகரம் அது. அவர்கள் 1753-இல் கட்டி முடித்த செந்நிறத் தேவாலயம் இன்றும் நிற்கிறது. அவர்கள் ஆட்சியில் கிடைத்த நிலத்தில் 1781-இல் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயமும் அருகிலேயே உள்ளது. கெடாவில் பூஜாங் பள்ளத்தாக்கு இருக்கிறது. மலாக்காவைக் கண் திறந்து பார்த்த பிள்ளையின் கட்டுரை, ஆம்ஸ்டர்டாமைக் கைப்பேசி வழியாகவே பார்த்த பிள்ளையின் கட்டுரையைவிட நிச்சயம் சிறக்கும்.

காந்தியடிகளின் படச்சுருள்களைத் தேடி உலகமெங்கும் அலைந்து, 1940-இல் அவரைப் பற்றிய ஆவணப்படத்தை வெளியிட்ட ஏ.கே. செட்டியார், தாம் கண்ட நாடுகளை எளிய தமிழில் எழுதி வைத்தார். உலகத்தைத் தமிழில் சொல்ல முடியும் என்பதற்கு அவர் எழுத்தே சான்று. அந்த வழக்கத்தைத் தொடரப் போகிறவர்கள் நம் வகுப்பறையில்தான் அமர்ந்திருக்கிறார்கள். அடுத்த விடுமுறைக்குப் பெட்டி கட்டும்போது கடவுச்சீட்டோடு ஒரு குறிப்பேடும் எழுதுகோலும் சேர்த்து வையுங்கள், பெற்றோர்களே! விலை ஐந்து ரிங்கிட்டுக்குள்தான் ஆகும்.