துஷ்டப் பிள்ளையா?



தர்மபுரியிலிருந்து ஒரு சகோதரி எழுதிய கடிதம் இந்த வாரம் என்னைத் தூங்கவிடவில்லை. பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். பெயர் எதற்கு? விஷயம் அவர் ஒருவருக்கு மட்டும் சொந்தமானதல்ல. உங்களில் பலருடைய வீட்டிலும் இதே கதை நடந்துகொண்டிருக்கலாம்.

அவருடைய பிள்ளைக்கு எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. பெஞ்சில் சேர்ந்தாற்போல் ஐந்து நிமிஷம் உட்காருவதில்லை. டீச்சர் கேள்வியை முடிப்பதற்குள் பதிலைக் கத்திவிடுகிறான். மாதம் ஒரு டிபன் பாக்ஸ் தொலைகிறது. பென்சிலுக்கோ கணக்கே இல்லை. ராத்திரி ஏழு மணிக்கு வீட்டுப் பாடம் எழுத உட்கார்ந்தால், நான்கு வரி முடிவதற்குள் ஒன்பது மணி அடித்துவிடுகிறது. பாட்டி, "தாய் கண்டித்து வளர்க்கவில்லை" என்கிறாள். பள்ளிக்கூடத்திலோ, வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அன்று மாலை அந்தத் தாய் கரண்டியை எடுத்துப் பிள்ளையை அடித்துவிட்டார். அவன் அழுதுகொண்டே, "நல்லவனா இருக்கணும்னுதாம்மா நினைக்கிறேன், மறந்துடுது" என்றானாம்.

சகோதரி, உங்கள் பிள்ளை சொன்னது சாக்கல்ல. அநேகமாக அது முழு உண்மை.

கவனம் ஓரிடத்தில் நிற்காமலும், கை கால் அடங்காமலும், யோசிக்கும் முன்னே செயல் முந்திக்கொண்டும் தவிக்கிற இந்த நிலையை இன்று டாக்டர்கள் 'ஏ.டி.ஹெச்.டி.' என்கிறார்கள். பெயர்தான் புதிது. லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை வைத்தியர், அறிவில் குறைவில்லாமல் இருந்தும் தம்மை அடக்கிக்கொள்ள முடியாத குழந்தைகளைப் பற்றி 1902-லேயே டாக்டர்கள் சபையில் விவரித்திருக்கிறார். உலகத்தில் ஏறக்குறைய நூற்றுக்கு ஐந்து குழந்தைகளுக்கு இது உண்டு. நாற்பது பேர் படிக்கும் வகுப்பில் இரண்டு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு யார் காரணம்? தாய் அல்ல, செல்லமும் அல்ல. மிட்டாயும் வெல்லமும் கூட அல்ல. சர்க்கரை தின்றால் பிள்ளைகள் துள்ளுவார்கள் என்ற நம்பிக்கையை 1990-களில் சோதித்துப் பார்த்தார்கள், அது நிரூபணமாகவில்லை. பெரும்பாலும் இது பரம்பரையாக வருவது. பிள்ளையின் அப்பாவைச் சற்று விசாரித்துப் பாருங்கள். "நானும் சின்ன வயதில் இப்படித்தான் உதை வாங்கினேன்" என்று சிரிக்கக்கூடும்!

2007-ல் அமெரிக்காவில் இப்படிப்பட்ட குழந்தைகளின் மூளையைப் படம் எடுத்து ஆராய்ந்தபோது ஒன்று தெரிந்தது. மூளையின் மேற்பகுதி மற்றக் குழந்தைகளுக்கு வளருகிற அதே வரிசையில்தான் இவர்களுக்கும் வளருகிறது. ஆனால் சராசரியாக மூன்று வருஷம் பின்தங்கி வளருகிறது. கவனத்தையும் அடக்கத்தையும் ஆளுகிற பகுதிகளில்தான் இந்தத் தாமதம் அதிகம். எட்டு வயதுப் பிள்ளையிடம் எட்டு வயதுக்குரிய அடக்கத்தைக் கேட்கிறோம். அவனிடம் இருப்பது ஐந்து வயது அடக்கமாக இருக்கலாம். இல்லாததை அடித்து வாங்க முடியுமா?

ஆனால் ஓர் எச்சரிக்கை. துறுதுறுவென்று இருக்கும் பிள்ளைக்கெல்லாம் இந்தப் பெயரைச் சூட்டிவிடாதீர்கள். பன்னிரண்டு வயதுக்கு முன்பே ஆரம்பித்திருக்க வேண்டும். ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும். பள்ளிக்கூடம், வீடு என்று இரண்டு இடத்திலும் இருக்க வேண்டும். காது மந்தம், பார்வைக் குறைவு, ரத்தசோகை, தூக்கக் குறைவு, எழுத்துக் கூட்டிப் படிப்பதில் சிரமம் இவையும் இதே வேஷம் போடும். ஆகவே இதைத் தீர்மானிக்க வேண்டியவர் டாக்டர்; பக்கத்து வீட்டு மாமி அல்ல, கடிதத்தை மட்டும் பார்த்த நானும் அல்ல.

பெண்குழந்தைகளைப் பெற்றவர்களுக்கு ஒரு வார்த்தை: பெண் ஓடியாட மாட்டாள், ஜன்னலைப் பார்த்தபடி எங்கோ போய்விடுவாள். யாருக்கும் தொந்தரவு இல்லாததால் யாரும் கவனிப்பதில்லை. 'மந்தம்' என்று பெயர் மட்டும் வந்துவிடுகிறது.

தர்மபுரி சகோதரிக்கு வழி தூரமில்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவையும் மனநலப் பிரிவையும் அணுகலாம். 2013-ல் ஆரம்பித்த தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில், கண்டுபிடித்துக் கவனிக்க வேண்டிய குறைகளில் இதுவும் ஒன்று. அரசுப் பள்ளிகளுக்கு வந்து பரிசோதிக்கும் டாக்டர் குழுவிடமும் சொல்லலாம். பென்னாகரம், அரூர், பாலக்கோடு பக்கத்தில் இருப்பவர்கள் வட்டார வள மையத்துச் சிறப்பாசிரியர்களைக் கேட்கலாம். எங்கே போவது என்று புரியாவிட்டால் 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். செலவில்லை, தமிழிலேயே பேசலாம்.

"மனநலப் பிரிவா? ஊர் என்ன சொல்லும்?" என்று தயங்காதீர்கள். ஊர் இப்போது மட்டும் என்ன நல்லதா சொல்லிக்கொண்டிருக்கிறது?

மருந்து உண்டு, பலருக்கு நல்ல பலனும் தருகிறது. ஆனால் டாக்டர் எழுதிக் கொடுத்து, பசி, தூக்கம், எடை, உயரம் எல்லாவற்றையும் அவர் கவனித்து வரும்போதுதான் கொடுக்கலாம். ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு முதல் வைத்தியம் மாத்திரை அல்ல. பெற்றோர் பழகும் முறையை மாற்றிக்கொள்வதுதான். பெரிய குழந்தைகளுக்கும் அது இல்லாமல் தீராது.

அந்த முறைதான் என்ன? சொல்கிறேன்.

அடுக்களையிலிருந்து கத்தாதீர்கள். அருகே போய்த் தோளைத் தொட்டு, முகத்தைப் பார்த்து, ஒரே ஒரு வேலையைச் சொல்லுங்கள். "குளித்து, சாப்பிட்டு, ஷூ போட்டு, பையை எடுத்துக்கொண்டு வா" என்பது நான்கு வேலை. அவன் நினைவில் நிற்பது ஒன்றே. சொன்னதை அவன் வாயால் ஒருமுறை திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்.

காலையில் செய்ய வேண்டியவற்றைப் படம் போட்டுச் சுவரில் ஒட்டுங்கள். பையை ராத்திரியே எடுத்து வைத்துவிடுங்கள். வீட்டுப் பாடத்தைப் பத்துப் பத்து நிமிஷமாகப் பிரியுங்கள். நடுவே எழுந்து ஒரு சுற்று ஓடிவிட்டு வரட்டும். அந்த நேரத்தில் கூடத்தில் டெலிவிஷனும் செல்போனும் வாய் மூடி இருக்கட்டும்.

தர்மபுரிப் பக்கத்தில் புளியங்கொட்டைக்குப் பஞ்சமில்லையே! ஒரு பாட்டிலை எடுத்து வையுங்கள். சொன்ன வேலையை முடித்த அந்த நிமிஷமே ஒரு கொட்டையை அவன் கையால் போடச் சொல்லுங்கள், கூடவே, "கூப்பிட்டவுடனே வந்தாயே, சபாஷ்!" என்று எதற்காகப் பாராட்டுகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். பத்துக் கொட்டை சேர்ந்தால் அப்பாவோடு அரை மணி பந்து விளையாட்டு. 'பரீட்சையில் முதல் மார்க் வாங்கினால் சைக்கிள்' என்ற வாக்குறுதி இந்தப் பிள்ளைக்கு எட்டாது. அவனுக்கு இன்றைய பலன் இன்றே வேண்டும். போட்ட கொட்டையைக் கோபத்தில் திருப்பி எடுத்துவிடாதீர்கள், சம்பாதித்தது சம்பாதித்ததுதான்.

இனி பள்ளிக்கூடம். 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளையை அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் தடுக்கிறது. எட்டாம் வகுப்பு முடியும் முன் வெளியேற்றுவதையும் தடுக்கிறது. அவசியப்பட்டால் தலைமை ஆசிரியரிடம் இதை மரியாதையாக எடுத்துச் சொல்லுங்கள். ஆனால் டீச்சரிடம் போகும்போது சட்டத்தை முன்னே நிறுத்த வேண்டாம். நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவரும் திண்டாடுகிறார். டாக்டர் எழுதிக் கொடுத்ததைக் காட்டி, நான்கே உதவி கேளுங்கள்.

முதல் வரிசையில், ஜன்னலுக்கும் வாசலுக்கும் தள்ளி ஓர் இடம். இரண்டு பாடத்துக்கு ஒரு தடவை போர்டு துடைக்கவோ, நோட்டு எடுத்து வரவோ ஒரு வேலை. எழுந்திருக்க அவனுக்கு ஒரு கௌரவமான காரணம் வேண்டும். தண்டனையாக விளையாட்டுப் பீரியடை ரத்து செய்யாதிருத்தல். அது அவனுக்கு மருந்து. கடைசியாக, ஒரு சின்ன நோட்டு. 'கை தூக்கிப் பேசினான்', 'கணக்கை முடித்தான்' என்று இரண்டே விஷயத்துக்கு டீச்சர் தினமும் ஆம், இல்லை என்று குறிக்கட்டும். ஆம் என்றால் வீட்டில் புளியங்கொட்டை. இப்படி வீடும் பள்ளிக்கூடமும் ஒரே பக்கத்தில் நின்றுவிட்டால் பாதிக் கஷ்டம் தீர்ந்தது.

ஒரே வாரத்தில் மாறிவிடுவான் என்று நான் சொல்லமாட்டேன். நல்ல நாளும் வரும். நோட்டு முழுக்க 'இல்லை' வரும் நாளும் வரும். வளர வளரப் பலருக்கு ஓட்டம் குறைகிறது. கவனச் சிதறல் சிலருக்குப் பெரியவர்களான பின்னும் கூடவே வருகிறது. இந்த வருஷங்களில் உங்கள் கையில் இருப்பது ஒன்றுதான்: 'நான் கெட்டவன்' என்ற எண்ணம் அவன் மனத்தில் வேர்விடாமல் பார்த்துக்கொள்வது.

ஆகவே, சகோதரி, டாக்டரிடம் போவதற்கு முன்னால் இன்று ராத்திரி ஒரு காரியம் செய்யுங்கள். அவன் படுத்தபின் பக்கத்தில் உட்கார்ந்து, "அன்றைக்கு அடித்தது என் தப்புதான். உனக்கு மறந்துவிடுகிறது என்று எனக்கு இப்போது தெரியும். மறக்காமல் இருக்க நான் துணையிருக்கிறேன்" என்று சொல்லுங்கள். தாய் மன்னிப்புக் கேட்டால் மதிப்புக் குறையாது.

பாட்டிலில் முதல் பத்துக் கொட்டை சேர்ந்ததும் எனக்கு ஒரு கார்டு போடுங்கள். அவன் அப்பா பந்து விளையாட வந்தாரா என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்!