நடைபாதைவாசிக்கும் ரகசியம் உண்டு!
பூட்டு இல்லாத நோட்டில் பேர், ஊர், வியாதி: யார் வேண்டுமானாலும் புரட்டலாமா?

சென்னை,–

ராத்திரி பதினோரு மணிக்கு மேல் பாரிமுனைப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். கடை ஷட்டர் இறங்கியதும் அதே வாசலில் பாய் விரியும். அட்டைப்பெட்டிதான் சுவர். தார்ப்பாய்தான் கூரை.

கதவே இல்லாதவருக்கு ரகசியம் எதற்கு என்று நாம் நினைக்கிறோம். அங்கேதான் தப்பு!

நமக்கு வீடு ஒரு பூட்டு. நம்ம வியாதி, கடன், புருஷன் பெண்டாட்டி சண்டை எல்லாம் கதவுக்குள்ளேயே கிடக்கும். நடைபாதைவாசிக்கு இருக்கும் ஒரே பூட்டு, வாய் திறக்காமல் இருப்பதுதான். அந்தப் பூட்டையும் சர்க்கார் நோட்டு திறந்துவிடுகிறது.

எத்தனை நோட்டு?

காப்பகத்தில் படுக்க இடம் வேண்டுமா? பேர், வயது, சொந்த ஊர் சொல்லணும். ஆஸ்பத்திரிக்குப் போனால் வியாதியைச் சொல்லணும். உதவித்தொகை கேட்டால் ஆதார் ஜெராக்ஸ் கொடுக்கணும். போலீசார் விசாரித்தால் அங்கேயும் ஒரு பதிவு. குளிர் நாளில் கம்பளி கொடுத்தால் கூடவே ஒரு போட்டோ!

ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பார்த்தால் நியாயம்தான். ஆனால் இந்த நோட்டெல்லாம் எங்கே இருக்கிறது? யார் பார்க்கிறார்கள்? எத்தனை வருஷம் வைத்திருப்பார்கள்? எழுதிக் கொடுத்தவருக்கு யாரும் சொல்வதில்லை.

ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள்

அடி உதை தாங்காமல் ராத்திரியோடு ராத்திரியாக ரயில் ஏறி வந்த பெண் என்று வைத்துக்கொள்வோம். காப்பகத்தில் சேருகிறாள். நிஜப் பேரைச் சொல்கிறாள். மறுவாரம் புருஷன் வந்து, "எம் பொஞ்சாதிங்க, காணோம்" என்று அழுகிறான். வாசலில் இருப்பவர் இரக்கப்பட்டு நோட்டைப் புரட்டிக் காட்டுகிறார். அவ்வளவுதான். அவள் உயிர் ஒரு பக்கத்தில் தொங்குகிறது.

இன்னொரு பயமும் உண்டு. பிச்சை எடுப்பதைத் தடுக்கும் 1945-ம் வருஷத்துச் சட்டம் தமிழ்நாட்டில் இருக்கிறது. எந்த இடத்தில் யார் படுக்கிறார் என்ற பட்டியல், சோறு போடவும் உதவும். வேன் கொண்டுவந்து அள்ளிப்போகவும் உதவும்!

பயந்தவர் என்ன செய்வார்? பொய்ப் பேர் சொல்வார். அல்லது காப்பகத்துப் பக்கமே வரமாட்டார். கடைசியில் அநாதைப் பிணமாக ஆஸ்பத்திரியில் கிடந்தால், சொல்லி அனுப்ப ஒரு விலாசமும் இருக்காது.

ஒரு நோட்டுக்கு மட்டும் பூட்டு

2011-ல் பிப்ரவரி 28-ந் தேதி ராத்திரி, நாடு முழுக்க வீடில்லாதவர்களை எண்ணினார்கள். 17 லட்சத்து 70 ஆயிரத்துக்கு மேல் வந்தது. அன்றைக்கு எழுதிய தாளை யாரும் பார்க்க முடியாது. 1948-ம் வருஷத்துச் சென்சஸ் சட்டத்தின் 15-வது பிரிவு அப்படி. கோர்ட்டில் சாட்சியமாகக் காட்டவும் முடியாது.

ஆக, பூட்டுப் போடத் தெரியாத சர்க்கார் இல்லை. சென்சஸ் தாளுக்குப் போட்ட பூட்டைக் காப்பக நோட்டுக்குப் போடவில்லை. அதுதான் விஷயம்.

சட்டம் என்ன சொல்கிறது?

2017 ஆகஸ்டு 24-ல் சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள் ஒரே குரலில் தீர்ப்புச் சொன்னார்கள். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். வீடு இருப்பவனுக்கு மட்டும் என்று சொல்லவில்லை.

2023-ல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. ஆனால் இதில் ஒரு ஓட்டை! அந்தச் சட்டம் கம்ப்யூட்டரில் இருக்கும் தகவலுக்குத்தான். காகிதத்தில் எழுதியது கம்ப்யூட்டரில் ஏறினால்தான் அதன் கைக்குள் வரும். மேஜை மேல் திறந்து கிடக்கும் நீள நோட்டை அது தொடாது.

கம்ப்யூட்டர் என்றால் நிம்மதியா? அதுவும் இல்லை. 2017-ல் ஜார்க்கண்டில், பென்ஷன் வாங்கும் லட்சக்கணக்கான ஏழைகளின் ஆதார் நம்பர் சர்க்கார் இணையதளத்திலேயே பகிரங்கமாகக் கிடந்தது. ஆதார் நம்பரைப் பகிரங்கமாக வெளியிடக் கூடாது என்று 2016 சட்டமே சொல்லியிருந்தும்!

மறுபக்கமும் உண்டு

"எல்லாத்தையும் மூடிட்டா, பொய்க் கணக்கு எழுதுறவனுக்குத்தானே கொண்டாட்டம்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி.

ராஜஸ்தானில் 1990-களில் கூலிப் பட்டியலை ஊர் நடுவே படித்தார்கள். வேலைக்கே வராதவர் பேரில் கூலி எடுத்தது அம்பலமானது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-ல் பிறந்ததற்கு அந்தக் கூட்டங்களும் ஒரு காரணம்.

அந்தச் சட்டத்தில் தனிநபர் தகவல் பற்றிய 8(1)(ஜே) பிரிவை 2023 சட்டம் மாற்றிவிட்டது. முன்பு, பொதுக் காரியத்துக்குச் சம்பந்தமில்லாத சொந்த விஷயத்தைத்தான் மறுக்கலாம். இப்போது சொந்தத் தகவல் என்றாலே மறுக்கலாம். பொது நன்மை பெரிது என்றால் தரலாம் என்ற 8(2) பிரிவு மட்டும் மிச்சம் நிற்கிறது.

இதில் வேடிக்கையைப் பாருங்கள். கணக்குக் கேட்பவருக்கு முன்வாசல் இறுகிவிட்டது. கெட்ட எண்ணத்தோடு வருகிறவனுக்குக் காப்பக மேஜை திறந்தே கிடக்கிறது!

என்ன செய்யலாம்?

பெரிய செலவு ஒன்றும் இல்லை. பேர் ஒரு நோட்டில், நம்பர் ஒரு நோட்டில் எழுதலாம். பேர் நோட்டுக்குப் பீரோ, ஒரே சாவி, ஒரே பொறுப்பாளர். தினசரிக் கணக்கில் நம்பர் மட்டும் போதும்.

தேடி வருகிறவரிடம் "இருக்கிறார்", "இல்லை" இரண்டும் சொல்லக் கூடாது. சேதியை வாங்கி வைத்து, உள்ளே இருப்பவர் சம்மதித்தால் மட்டும் பேச விடலாம். போலீசார் கேட்டால் எழுத்து மூலம் கேட்கட்டும். போட்டோ எடுக்குமுன் ஒரு வார்த்தை கேட்கட்டும். மறுத்தால் கம்பளியைப் பிடுங்காமல் இருக்கட்டும்.

அதே சமயம் எத்தனை பேர் தங்கினார்கள், எவ்வளவு செலவு என்பதை வாசலிலேயே போர்டு எழுதி மாட்டணும். அதில் ரகசியம் கிடையாது.

பேரை மூடு, கணக்கைத் திற! இப்போது பல இடத்தில் நடப்பது நேர் தலைகீழ்.

இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் நீங்கள் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போடுவீர்கள். பாரிமுனையில் பாய் விரிப்பவருக்கு அந்தத் தாழ்ப்பாள், ஒரு மூடிய நோட்டுதான்.