பிறர் பக்கம்

திருத்தணியில் 1888ஆம் ஆண்டு பிறந்த சர்வபள்ளி இராதாகிருஷ்ணன், மெய்யியலை விரும்பித் தேர்ந்தெடுத்தவர் அல்லர். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் அவர் பயின்ற காலத்தில் குடும்பத்தின் பொருள்நிலை மெலிந்திருந்தது. அதே கல்லூரியில் மெய்யியல் படித்து முடித்த உறவினர் ஒருவர் தம் பாடநூல்களை அவருக்குக் கொடுத்தார். நூல்களுக்குச் செலவில்லை என்றானதும், பயில வேண்டிய துறையும் முடிவாயிற்று. பின்னாளில் ஆக்ஸ்ஃபோர்டுப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகவும், 1962 முதல் 1967 வரை இந்தியக் குடியரசுத் தலைவராகவும் விளங்கியவரை இத்துறைக்குக் கொண்டுவந்து சேர்த்தவை சில பழைய புத்தகங்களே.

வந்த வழி எதுவாயினும், முதுகலை வகுப்பில் அவர் செய்த பணி கருதத்தக்கது. வேதாந்தம் உலகைத் தோற்றம் என்கிறது. தோற்றமான உலகில் அறத்துக்கு ஏது இடம் என்னும் குறைகூறல் அன்றைய கல்விச் சூழலில் அடிக்கடி எழுந்தது. அது அவ்விளைஞரை வருத்தியது. அவ்வருத்தத்தை அவர் மேடை முழக்கமாக்கவில்லை. வேதாந்தத்தின் அறவியல் பற்றிய ஆய்வேடாக்கினார். 1908இல் அது நூலாக வெளிவந்தபோது அவருக்கு வயது இருபது. அதைப் பாராட்டியவர்களுள் ஒருவர் அவருடைய ஆசிரியர் ஏ. ஜி. ஹாக். கிறித்தவ இறையியலில் ஆழ்ந்த அவருக்கு, மாணவரின் முடிவை ஏற்க வேண்டிய கட்டாயம் ஏதுமில்லை. தம் முடிவுக்கு மாறான கருத்தாயினும், அது முறையாக நிறுவப்பட்டிருப்பின் மதிக்க வேண்டும் என்ற அந்த வழக்கம்தான் மெய்யியல் முதுகலைப் படிப்பின் உயிர். அதைக் கருத்தில் கொள்ளாமல் இப்படிப்பின் பயனை அளப்போர், நெல்லை முழக்கோலால் அளக்க முயல்கிறார்கள்.

வகுப்பறையில் நடப்பது

இரண்டு ஆண்டுகள், நான்கு பருவங்கள். இந்தியச் சிந்தனை மரபுகள், கிரேக்கம் தொடங்கி இன்றுவரையிலான மேலைச் சிந்தனை, அளவையியல், அறவியல் ஆகியன எங்கும் உண்டு; தமிழ்நாட்டில் சில இடங்களில் சைவ சித்தாந்தமும் சேரும். பாடத்திட்டத்தை மட்டும் புரட்டுபவருக்கு இது பெயர்களின் நீண்ட வரிசையாகத் தோன்றும். உண்மையான உழைப்பு வேறிடத்தில் இருக்கிறது. ஐயுறத்தக்க அனைத்தையும் ஐயுற்றுப் பார்ப்பதாக 1641இல் எழுதினார் டெக்கார்ட்டே. கனவிலும் கண்ணெதிரே பொருள்கள் தோன்றுகின்றன; எனில், இப்போது காண்பது கனவு அன்று என எவ்வாறு உறுதிசெய்வது என்று அவர் வினவுகிறார். இதைப் படித்த மாணவர் பலருக்கும் உடனே எழுவது சிரிப்பு. அடுத்து எழுவது மறுப்பு. நல்லாசிரியர் இரண்டையும் தடுத்து நிறுத்துவார். டெக்கார்ட்டே படித்தால் ‘ஆம், என் கருத்து இதுவே’ என்று ஒப்புக்கொள்ளும்படி அவர் வாதத்தை முதலில் எழுதிக் காட்டச் சொல்வார். ஒரு பக்கத்தைப் படித்து அவ்வாறு எழுத ஒரு காலைப்பொழுது முழுதும் செல்லக்கூடும். மறுப்பு அதற்குப் பின்னரே. அப்போதும், தொடக்கத்தில் எளிதாகத் தோன்றிய மறுப்பு பெரும்பாலும் நிலைப்பதில்லை.

இப்பயிற்சி மேலைநாட்டிலிருந்து இறக்குமதியானது எனக் கருதினால், தமிழின் பழஞ்செல்வத்தை மறந்தவராவோம். வஞ்சி மாநகரில் மணிமேகலை சமயவாதிகளின் திறம் கேட்கிறாள். அளவைவாதி, சைவவாதி, பிரமவாதி, வைணவவாதி, வேதவாதி, ஆசீவகவாதி, நிகண்டவாதி, சாங்கியவாதி, வைசேடிகவாதி, பூதவாதி எனப் பதின்மர் தத்தம் கொள்கையை எடுத்துரைக்கின்றனர். காப்பியமோ பௌத்தக் காப்பியம். எனினும் பிற சமயத்தார் ஒவ்வொருவருக்கும் தம் கருத்தைத் தம் வாயாலேயே சொல்ல அதில் இடமுண்டு. மணிமேகலை பெரும்பாலும் கேட்டுக்கொண்டே செல்கிறாள். கண்ணால் காண்பதை மட்டுமே ஏற்பேன் என்ற பூதவாதியிடம்தான் வாய் திறக்கிறாள். உன் தாய் தந்தையர் இன்னார் என்பதைக் கருதலளவையால் அன்றி வேறு எவ்வாறு அறிவாய் என அவள் கேட்ட கேள்விக்கு, இன்றைய அளவையியல் வகுப்பிலும் விடை தேடலாம். ஆடவத் துறவி வடிவில்தான் அவளால் அவ்வவைக்குள் செல்ல முடிந்தது என்பதையும் மறப்பதற்கில்லை.

பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சார்ந்த சிவஞான சித்தியார் இம்முறையை இன்னும் கட்டுக்கோப்பாக்கியது. அருணந்தி சிவாச்சாரியார் நூலைப் பரபக்கம், சுபக்கம் என இரண்டாகப் பகுத்தார். பரபக்கம் என்பது பிறர் பக்கம். உலகாயதம் முதலாகப் பதினான்கு கொள்கைகள் அதில் வரிசையாக வருகின்றன. ஒவ்வொன்றும் முதலில் அக்கொள்கையினர் கூற்றாக உரைக்கப்பட்டு, அதன் பின்னரே மறுக்கப்படுகிறது. தம் கொள்கையான சுபக்கத்தை ஆசிரியர் இரண்டாவதாகவே வைத்தார். இதற்கு எதிர்பாராத பயனும் விளைந்தது. உலகாயதரின் மூலநூல்கள் பெரும்பாலும் அழிந்துவிட்டன. அவர்கள் எவ்வாறு சிந்தித்தார்கள் என்பதை இன்று அவர்களை மறுத்தவர்களின் நூல்கள் வாயிலாகவே மிகுதியும் அறிய முடிகிறது. குண்டலகேசியின் கதையும் அத்தகையதே. அது முழுமையாகக் கிடைக்கவில்லை. அதை எதிர்த்து எழுந்த நீலகேசி கிடைத்திருக்கிறது. எதிர்ப்பவர் நேர்மையாளராக இருந்தால், எதிர்க்கப்பட்டவரின் குரலும் ஓரளவு பிழைத்திருக்கிறது.

வாழ்வோடு உள்ள தொடர்பு

இத்தகைய பயிற்சி நூலகத்துக்குள் அடங்கிவிடுவதில்லை. மூளைச்சாவு என்ற சொல் இன்று நாளிதழ் படிக்கும் எவருக்கும் பழகியது. இந்தியாவில் 1994ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் மூளைத்தண்டுச் சாவைச் சாவாக ஏற்றது. நான்கு மருத்துவர் கொண்ட குழு, குறைந்தது ஆறு மணிநேர இடைவெளியில் இருமுறை ஆராய்ந்து அதை உறுதிசெய்ய வேண்டும். ஆய்வின் முறையை மருத்துவம் வகுத்துத் தரும். ஆனால் நெஞ்சு துடித்துக்கொண்டிருக்க, உடல் வெதுவெதுப்பாக இருக்க, அம்மனிதர் இறந்துவிட்டார் என்று எதைக் கொண்டு சொல்கிறோம்? மனிதர் என்பது உடலா, உணர்வா, இரண்டும் இணைந்து இயங்குவதா? இவ்வினாவுக்கு எந்தக் கருவியும் விடை காட்டாது. 1968இல் இதனை ஆராய்ந்த ஹார்வர்டுக் குழுவில் மருத்துவரோடு சட்ட அறிஞரும் வரலாற்றறிஞரும் இறையியலாளரும் இடம்பெற்றது அதனாலேயே. மருத்துவமனைத் தாழ்வாரத்தில் கையொப்பமிட வேண்டிய தாய்க்கு இது ஏட்டுவினா அன்று. அவளுடைய தயக்கத்தை அறியாமை என ஒதுக்காமல், அதிலுள்ள நியாயத்தைக் கேட்டு, பிறகு பேசத் தெரிந்தவர் அங்கே தேவைப்படுகிறார்.

அப்படியானால் வேலை? இக்கேள்வியை இழிவாகக் கருதுவோர் பசி அறியாதவர். பட்டம் பெற்ற உடனே வருவாய் தேவைப்படும் குடும்பங்கள் பல. அங்கே பெற்றோர் தயங்குவதில் தவறு காண முடியாது. மெய்யியல் ஆசிரியப் பணியிடங்கள் குறைவு என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் வழியே இல்லை என்பது பொய். தேசியத் தகுதித் தேர்வில் மெய்யியல் ஒரு பாடம். குடிமைப் பணித் தேர்வின் விருப்பப் பாடங்களிலும் அது உண்டு. 1977இல் நிறுவப்பட்ட இந்திய மெய்யியல் ஆய்வுக் கழகம் ஆய்வாளர்க்கு உதவித்தொகை வழங்குகிறது. வேறு துறையில் இளங்கலை முடித்தவரையும் முதுகலையில் சேர்த்துக்கொள்ளும் பல்கலைக்கழகங்கள் இருப்பதால், வணிகவியலோ இயற்பியலோ படித்துக் கையில் ஒரு தொழிலை வைத்துக்கொண்டு இதற்கு வருவதும் அறிவுடைய செயலே. நேராக வந்தவரைக் காட்டிலும் அவர்கள் கேட்கும் கேள்விகள் சில வேளைகளில் கூர்மையாக இருக்கின்றன.

இப்படிப்புக்குப் பெருந்தீங்கு வேலைச்சந்தையால் வருவதன்று. வினா-விடைத் தொகுப்புகளால் வருவது. காண்டின் அறக்கோட்பாட்டை ஐந்து தலைப்புகளாகச் சுருக்கி, தேர்வுக்கு முதல்நாள் மனப்பாடம் செய்து, மறுநாள் கக்கிவிட்டு வருபவர் முதுகலைப் பட்டம் பெறலாம். மெய்யியல் பயின்றவர் ஆகமாட்டார். தமிழ்வழியில் பயில்வோருக்கு இத்தீங்கு இரட்டிப்பாகிறது. மூலநூல்களின் நல்ல மொழிபெயர்ப்புகள் போதிய அளவில் இல்லாத இடத்தை அத்தொகுப்புகளே நிரப்புகின்றன. ‘ஆசிரியர் கூற்றுக்கு மாணவர் எழுப்பும் தடை’ என ஒரு வினாவேனும் தேர்வுத்தாளில் கட்டாயமாக இடம்பெற்றால், அத்தொகுப்புகளின் விற்பனை பாதியாகக் குறையும்.

தமிழ் மாணவருக்கென்றே காத்திருக்கும் ஆய்வுகளும் உள்ளன. மணிமேகலையின் இருபத்தொன்பதாம் காதையில் அறவண அடிகள் பௌத்த அளவையியலை விரித்துரைக்கிறார். பக்கம், ஏது, திட்டாந்தம் ஆகியவற்றையும், அவற்றில் நேரும் போலிகளையும் ஒவ்வொன்றாகச் சான்றுடன் விளக்குகிறார். அப்பகுதி நியாயப்பிரவேசம் என்னும் வடமொழி நூலோடு பெரிதும் ஒத்துச் செல்கிறது. அதிலிருந்து இது வந்ததா, இரண்டுக்கும் முந்தைய பொது மரபு ஒன்று இருந்ததா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு நீடிக்கிறது. காப்பியத்தின் காலத்தை வரையறுப்பதும் இதனோடு பிணைந்திருக்கிறது. இதை ஆராய விரும்புபவருக்குத் தமிழும் வடமொழியும் வேண்டும். இரண்டினும் மேலாக, ‘போலி ஏது’ என்பது எவ்வகையில் போலியாகிறது என்று காட்டும் அளவையியல் பயிற்சி வேண்டும்.