புரதம் இருந்தால் நோயாளியா?

சிஸ்டர் மேரி என்ற அமெரிக்கக் கன்னியாஸ்திரி 101 வயதில் இறந்தார். கடைசிக் காலத்தில் வைத்த நினைவாற்றல் சோதனைகளிலும் நல்ல மதிப்பெண் வாங்கியவர். ஆனால் அவரது மூளையை ஆராய்ந்தபோது, அல்சைமர் நோயின் அடையாளங்களான அமிலாய்டு புரதப் படிவுகளும் டவ் புரத முடிச்சுகளும் ஏராளமாக இருந்தன. மூளையைத் தானம் செய்ய முன்வந்த 678 கன்னியாஸ்திரிகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த டேவிட் ஸ்னோடன் 1997இல் இதை எழுதினார்.

அன்று பிரேதப் பரிசோதனைதான் ஒரே வழி. 2004இல் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகக் குழுவின் பங்களிப்போடு வெளிவந்த பெட் ஸ்கேன் முறை உயிரோடு இருப்பவர்களிடமே அமிலாய்டைக் காட்டியது. ஒரு தொந்தரவும் இல்லாதவர்களிடமும் அது தென்பட்டது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் வந்த கணக்குப்படி, நினைவு சீராக உள்ளவர்களில் 50 வயதில் 10 சதவீதம் பேரிடமும் 90 வயதில் 44 சதவீதம் பேரிடமும் அமிலாய்டு படிந்திருக்கிறது.

சரி, அது மூளையை என்ன செய்கிறது? அமிலாய்டு நரம்புச் செல்களுக்கு வெளியே படிவது. டவ் செல்லுக்குள் இருப்பது. சரக்கு போகும் தண்டவாளத்துக்கு அடிக்கட்டை மாதிரி. அது கழன்று முறுக்கிக்கொண்டால் செல் நலிகிறது. ஹிப்போகேம்பஸ் என்ற நினைவுப் பகுதியை ஒட்டிய புறணியில்தான் இந்த முறுக்கல் முதலில் தலைகாட்டும். மூளை சுருங்குவதும் பெரும்பாலும் டவ் போன தடத்திலேயே. பார்சிலோனாவின் ஹுவான் ஃபோர்டியா குழு 2014இல் ஆரோக்கியமான முதியவர்களிடம் கண்டது இன்னும் விசித்திரம். தண்டுவட நீரில் அமிலாய்டு மாற்றம் மட்டும் தெரிந்தவர்களுக்கு மூளைப் புறணி சற்றுத் தடித்திருந்தது. டவ்வும் சேர்ந்தவர்களுக்கே மெலிந்திருந்தது. தடிப்புகூட நல்ல செய்தி என்று அடித்துச் சொல்ல முடியாது. அது அழற்சியின் வீக்கமாகவும் இருக்கலாம்.

இத்தனை குழப்பத்துக்கு நடுவே, 2024இல் அமெரிக்க அல்சைமர் சங்கத்தின் நிபுணர் குழு, மூளையில் அமிலாய்டு உறுதியானாலே அது அல்சைமர் நோய்தான் என்று வரையறுத்தது. அதே ஆண்டில் இன்னொரு சர்வதேசக் குழு மறுத்தது: அறிகுறி இல்லாதவர் ஆபத்தில் இருப்பவர், நோயாளி அல்லர். இரண்டாவது வாதமே நியாயம். அறுபது வயதில், கணக்கு வழக்குகளைத் தானே பார்த்துக்கொள்ளும் ஒருவருக்கு ‘நோயாளி’ என்ற பட்டத்தைச் சூட்டி, பிறகு என்ன கொடுப்பது? அமிலாய்டு உள்ள ஆரோக்கியமான 1,169 பேருக்கு நாலரை ஆண்டுகள் நடந்த சொலனெசுமாப் மருந்துச் சோதனை, நினைவுச் சரிவைத் தடுக்கவில்லை என்று 2023இல் முடிந்தது.

இப்போது அமிலாய்டைக் கண்டறிய ரத்தச் சோதனையும் வந்துவிட்டது. அமெரிக்கா 2025 மே மாதம் அனுமதித்தது, அறிகுறி உள்ளவர்களுக்கு மட்டும். ஞாபகமறதியோடு வருபவருக்கு இது நிஜமாகவே உதவும். மறதி இல்லாதவரின் ‘மாஸ்டர் ஹெல்த் செக்கப்’ பட்டியலில் இதற்கு இடமில்லை. வரையறையை விரித்த குழுவே, அறிகுறி இல்லாதவர்களுக்கு இப்போதைக்குச் சோதனை வேண்டாம் என்கிறது. லெகனெமாப், டொனனெமாப் என்ற மருந்துகள் ஆரோக்கியமானவர்களிடம் சோதிக்கப்பட்டு வருகின்றன. அவற்றில் ஒன்றாவது பலன் தந்தால் இந்த நிலைப்பாட்டை மாற்றிக்கொள்ளலாம்.