லாச்சியில் உள்ள காசெல்லாம் இலாபமல்ல

வியாபாரம் எமது சமூகத்துக்குப் புதிதல்ல. ஆனால் கணக்கு எழுதுவதில் நாம் இன்னும் பின்தங்கியே இருக்கிறோம். கடை பூட்டும்போது லாச்சியைப் பார்த்து "இன்றைக்கு நல்ல வியாபாரம்" என்கிறோம். அதில் முதல் எவ்வளவு, இலாபம் எவ்வளவு, அடுத்த வாரம் வரப்போகும் செக்குக்கு உரியது எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பவர்கள் குறைவு.

ஓர் உதாரணம். 80 ரூபாவுக்கு வாங்கி 100 ரூபாவுக்கு விற்கும் ஒரு கடை. மாத விற்பனை 10 இலட்சம் என்றால் மொத்த இலாபம் 2 இலட்சம். வாடகை, கரண்ட் பில், சம்பளம், ஏற்றுக்கூலி எல்லாம் ஒன்றரை இலட்சம். மிஞ்சுவது 50,000. வீட்டுச் செலவுக்கு லாச்சியிலிருந்து 80,000 எடுத்தால், மாதாமாதம் 30,000 முதலிலிருந்து போகிறது. வருடத்துக்கு 3 இலட்சத்து 60 ஆயிரம்! கடையில் சனம் குறையவில்லை, சாமான்தான் குறைகிறது. காரணம் தெரியாமல் "பரக்கத் இல்லை" என்கிறோம்.

இதே கடை பெருநாளைக்கு 10 வீதம் கழிவு கொடுத்தால், ஒரு பொருளின் இலாபம் 20 ரூபாவிலிருந்து 10 ஆகிவிடும். பழைய இலாபத்தைப் பெற இரண்டு மடங்கு சாமான் விற்க வேண்டும். இதே செலவில் இன்னொரு கிளை திறந்தால், மாதம் ஏழரை இலட்சம் விற்றால்தான் நட்டமில்லாமல் நிற்கும். பக்கத்துக் கடைக்காரர் திறந்தார் என்பதற்காக நாமும் திறப்பது தீர்மானமல்ல.

2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 350ஐத் தாண்டியபோது, பழைய விலைக்கு விற்று லாச்சியை நிரப்பியவர்களால் அந்தக் காசுக்கு அதே அளவு சாமானைத் திரும்ப வாங்க முடியவில்லை. அந்தப் பாடத்தை மறந்துவிட வேண்டாம்.

மார்க்கமும் இதையே சொல்கிறது. அல்குர்ஆனின் மிக நீளமான வசனம், சூரா பகராவின் 282ஆவது வசனம், கடனை எழுதி வைக்கச் சொல்வதுதான். கையிருப்பும் வரவேண்டிய கடனும் தெரியாமல் ஸகாத்துக்கு இரண்டரை வீதத்தை எப்படிக் கணக்கிடுவது?

உயர்தரத்தில் கணக்கீடு படிக்கும் பிள்ளைகள் எமது வீடுகளிலேயே இருக்கிறார்கள். பரீட்சைக்காக யாரோ ஒரு கம்பனியின் கணக்கைச் செய்கிறார்கள். வாப்பாவின் கடைக் கொப்பியை மட்டும் அவர்கள் கண்டதில்லை. மகனோ மகளோ, அந்தக் கொப்பியை அவர்களிடம் கொடுங்கள். அன்றாட விற்பனையும் செலவும் எழுதட்டும். கடன்காரர் பட்டியலைத் தனியாக வைக்கட்டும். உங்களுக்கும் ஒரு மாதச் சம்பளத்தை நிர்ணயித்து, அதற்கு மேல் லாச்சியில் கை வைக்காதீர்கள்.

ஊர் வர்த்தக சங்கமும் பள்ளிவாசல் நிர்வாகமும் முன்வந்தால், இஷாவுக்குப் பிறகு வாரம் ஒரு வகுப்பு நடத்த ஆசிரியர்களாகிய நாங்கள் தயார்.