பவளப்பாறை பார்க்கப் போறீங்களா? லீவைப் பார்க்காதீங்க... கடலைப் பாருங்க!

சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டரில் இருக்கிறது பழவேற்காடு. கோரைக்குப்பம், லைட்ஹவுஸ் குப்பம் என்று வரிசையாக மீனவ ஊர்கள். ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் கடல். 'இவ்வளவு தண்ணீர் இருக்கிறதே, இங்கேயே முக்குளித்துப் பவளப்பாறை பார்த்துவிடலாமே' என்று நினைத்தால் ஏமாற்றம்தான். பவளம் ஒரு செடியோ கல்லோ அல்ல. கூட்டமாக வாழும் சின்னஞ்சிறு உயிர். அதற்குத் தெளிந்த உப்புத் தண்ணீர் வேண்டும், வெயில் அடிவரை இறங்க வேண்டும். ஆரணியாறும் காளங்கியும் நன்னீரையும் வண்டலையும் கொண்டுவந்து கொட்டும் பழவேற்காடு ஏரி இறாலுக்கும் நண்டுக்கும் சொர்க்கம், பவளத்துக்கு அல்ல.

ஆனாலும், பவளம் பார்க்கக் கிளம்பும் எந்தக் குடும்பமும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய பாடம் இந்தக் கரையில்தான் இருக்கிறது. 2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் விடுமுறை. சுற்றிப் பார்க்க வந்தவர்கள் ஏறியது மீன்பிடிப் படகு. லைஃப் ஜாக்கெட் இல்லை. படகு கவிழ்ந்ததில் 20-க்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். அவர்களில் குழந்தைகளும் உண்டு. விடுமுறை என்பது நமக்குத்தான், கடலுக்குக் கிடையாது.

எப்போது, எங்கே?

பொதுவாக நாம் ஸ்கூல் லீவைப் பார்த்துத் தேதி குறித்துவிட்டு, அப்புறம் ஊரைத் தேடுகிறோம். இதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும்.

தமிழ்நாட்டில் பவளப்பாறைக்குப் பெயர்பெற்றது ராமநாதபுரம், தூத்துக்குடி கடற்கரை. மண்டபம் பக்கம் மீனவர்களுக்கு இரண்டு கடல்: வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வாடைக்காற்றில் வடகடல் கொந்தளிக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் தென்கடல் சீறும், வடகடல் அடங்கியிருக்கும். பாக் விரிகுடாவை ஒட்டிய பிரப்பன்வலசையில் ஸ்நார்கெலிங் செய்ய நினைப்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்த்துத்தான் தேதி குறிக்க வேண்டும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே கால் வைக்க முடியாது.

அந்தமான் என்றால் நவம்பர் முதல் ஏப்ரல் வரை. இலங்கையில் திருகோணமலை அருகே நிலாவெளியில் இருக்கும் புறாத்தீவு என்றால் மே முதல் செப்டம்பர் வரை. கோடை விடுமுறையில்தான் முடியும் என்பவர்களுக்குப் புறாத்தீவு பொருந்தும்.

மன்னார் வளைகுடாவில் கோடை என்பது பவளத்துக்கும் சோதனைக் காலம். தண்ணீர் சூடேறினால், பவளத்துக்குள் இருந்து உணவும் நிறமும் தரும் நுண்பாசி வெளியேறிவிடும். பவளம் வெளுத்துப்போகும். சூடு நீடித்தால் செத்தும் போகும். 2016 கோடையில் அங்கே அப்படித்தான் பெருமளவு வெளுத்தது.

யாருக்கு எது?

முகமூடியும் மூச்சுக்குழாயும் மாட்டிக்கொண்டு நீர்மட்டத்தில் மிதப்பது ஸ்நார்கெலிங். சிலிண்டரோடு ஆழத்துக்குப் போவது ஸ்கூபா. ஸ்கூபாவுக்குக் கடலில் இறங்க, சர்வதேசப் பயிற்சி அமைப்புகள் பொதுவாக 10 வயதாவது ஆகியிருக்க வேண்டும் என்கின்றன. ஆஸ்துமா, இதய நோய், காதுக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இறங்கக் கூடாது. கர்ப்பிணிகள் ஸ்கூபாவைத் தவிர்க்க வேண்டும். சாதாரண ஜலதோஷம் இருந்தால்கூட அன்று வேண்டாம். காது அடைத்து வலி பின்னியெடுத்துவிடும்.

முன்பின் நீந்தாதவர்கள் நேராகக் கடலில் இறங்காமல், ஊரிலேயே நீச்சல் குளத்தில் முகமூடி போட்டு வாயால் மூச்சுவிடப் பழகிக்கொள்வது நல்லது. ஸ்கூபா முடித்த அன்றே விமானம் ஏறக் கூடாது. கரைந்திருக்கும் நைட்ரஜன் உடலைவிட்டு வெளியேற நேரம் வேண்டும். எனவே அந்தமான் பயணத்தில் ஸ்கூபாவுக்கும் விமானத்துக்கும் நடுவே ஒரு முழுநாள் விட வேண்டும்.

தண்ணீருக்குள் எப்படி?

தொடாதே, மிதிக்காதே, எடுக்காதே. இந்த மூன்றும் போதும். கட்டியாக வளரும் பவளம் ஆண்டுக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். செல்ஃபிக்காக அதன்மேல் ஏறி நின்றால், பத்து வருட வளர்ச்சி ஒரு நொடியில் உடைந்துவிடும். 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பவளத்துக்கு உயரிய பாதுகாப்பு உண்டு. கரையில் கிடக்கும் துண்டை 'ஞாபகத்துக்கு' என்று பையில் போட்டாலும் வம்புதான்.

சன்ஸ்க்ரீனிலும் கவனம் தேவை. பவளத்துக்குத் தீங்கு செய்யும் ஆக்ஸிபென்ஸோன் கலந்த சன்ஸ்க்ரீன்களை விற்க ஹவாய் 2021-ல் தடை போட்டது. முழுக்கை நீச்சல் உடை போட்டால், பூச வேண்டிய அளவே குறைந்துவிடும்.

கிளம்பும் முன்...

படகில் ஏறும் முன் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். உரிமம் இருக்கிறதா? எத்தனை பேர் ஏறலாம்? ஆளுக்கு ஒரு லைஃப் ஜாக்கெட், குழந்தை அளவிலும் உண்டா? ஒன்றுக்கு 'இல்லை' என்று பதில் வந்தாலும் இறங்கிவிட வேண்டும்.

திட்டத்தில் ஒரு நாளைச் சும்மா விட்டு வைப்பதும் அவசியம். மறுநாளே திரும்ப வேண்டிய நெருக்கடியில்தான் 'பரவாயில்லை, போயிடலாம்' என்ற வார்த்தை வரும். பழவேற்காட்டு மீனவர்கள் படகைத் தள்ளும் முன் காற்றையும் முகத்துவாரத்தையும் பார்க்கிறார்கள். சரியில்லை என்றால் அன்றைய வருமானத்தையே விட்டுவிடுகிறார்கள். சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் இழக்கப்போவது ஒரு டிக்கெட் பணம்தான். படகுக்காரர் 'இன்னிக்கு வேணாம்' என்றால், பேரம் பேசாமல் கரையிலேயே இருப்பதுதான் புத்திசாலித்தனம். பவளம் அடுத்த சீசனிலும் அங்கேயேதான் இருக்கும்.