பெயர் மாற்றப்பட்ட மகள்



சென்ற ஞாயிறு வாலிபர் கூடுகை முடிந்தபின் இரண்டு தம்பிகள் என்னிடம் வந்தார்கள். ஒருவன் ஜப்பானியச் சித்திரக்கதைகளில் மிகுந்த விருப்பமுள்ளவன். ஹாலிவுட்டார் அக்கதைகளை மனிதர் நடிக்கும் படங்களாக எடுக்கும்போது ஜப்பானியப் பாத்திரங்களுக்கு வெள்ளைக்காரரை நடிக்க வைக்கிறார்களே என்று அவனுக்கு வருத்தம். மற்றவன் அதை ஒப்புக்கொள்ளவில்லை. "சுவிசேஷமும் ஒரு நாட்டில் தொடங்கி எல்லா நாடுகளுக்கும் போனதுதானே ஐயா? கதை மட்டும் போகக் கூடாதா?" என்றான். இருவரும் என் முகத்தைப் பார்த்தார்கள். எனக்கு உடனே விடை சொல்லத் தெரியவில்லை. போதகருக்குச் சினிமாவில் என்ன வேலை என்று மூத்தவர்களில் சிலர் நினைக்கக்கூடும். நம் பிள்ளைகள் எதைப் பார்க்கிறார்கள், பார்த்தபின் என்ன யோசிக்கிறார்கள் என்பது என் வேலைதான்.

அவர்கள் தர்க்கித்தது 2017-ஆம் ஆண்டில் வெளிவந்த 'கோஸ்ட் இன் த ஷெல்' என்ற படத்தைப் பற்றி. மசமுனே ஷிரோ 1989-இல் தொடங்கிய சித்திரக்கதை அதன் மூலம். 1995-இல் மமோரு ஓஷீ அதை அனிமேஷன் படமாக்கினார். கதாநாயகியின் பெயர் மொட்டோகோ குசனாகி. உடல் முழுவதும் செயற்கை. உள்ளே இருக்கும் மூளை மாத்திரம் மனிதருடையது. ஹாலிவுட் படத்தில் ஸ்கார்லெட் ஜொஹான்சன் அவளாக நடித்தார். அதில் அவள் மீரா கில்லியன் என்று அழைக்கப்படுகிறாள். அவளைச் சுற்றியுள்ள நகரமோ ஆசிய நகரம். ஹாங்காங் தெருக்களில் படமாக்கியிருக்கிறார்கள். கெய்ஷாக்களின் சாயலில் இயந்திரப் பெண்கள் வருகிறார்கள். அவளுடைய மேலதிகாரியாக வரும் தக்கேஷி கிட்டானோ ஜப்பானிய மொழியிலேயே பேசுகிறார். எல்லாம் இருக்கிறது, நடுவில் நிற்கவேண்டியவள் மாத்திரம் இல்லை.

அதன்பின் கதையில் ஒரு திருப்பம் வருகிறது. மீராவுக்குச் சொல்லப்பட்ட பழங்கதை பொய். அவள் உண்மையில் மொட்டோகோ என்னும் ஜப்பானியப் பெண். ஒரு நிறுவனம் அவளைப் பிடித்து, அவள் மூளையை இந்தப் புதிய உடலில் வைத்து, அவள் நினைவுகளையும் மாற்றிவிட்டிருக்கிறது. அவள் ஒரு சிறிய வீட்டின் கதவைத் தட்டுகிறாள். கவோரி மொமோய் நடித்த வயதான தாய் கதவைத் திறந்து, தேநீர் கொடுத்து, காணாமற்போன தன் மகளைப் பற்றி அந்நியப் பெண்ணிடம் பேசுகிறாள்.

அந்தக் காட்சியில் என் மனம் கலங்கியது. ஒரு ஜப்பானியப் பெண்ணின் முகத்தை எடுத்துவிட்டு வெள்ளை முகத்தைப் பொருத்துவது கொடுமை என்று அந்தக் கதையே சொல்கிறது. அதே காரியத்தைத்தான் படம் எடுத்தவர்களும் செய்திருக்கிறார்கள். கதைக்குள் அநியாயமாகத் தெரிந்தது கதைக்கு வெளியே அவர்கள் கண்ணுக்குப் படவில்லை. கதையில் வரும் அந்த நிறுவனத்தாரை நாம் வெறுக்கிறோம். வெளியே வந்து சீட்டின் விலை சரிதான் என்கிறோம்.

தானியேலின் புத்தகம் முதலாம் அதிகாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நேபுகாத்நேச்சாரின் அரமனைக்கு யூதா வாலிபர் நால்வர் கொண்டுவரப்படுகிறார்கள். அவர்களுக்கு நல்ல உணவு, நல்ல கல்வி, நல்ல உத்தியோகம் எல்லாம் உண்டு. அதற்கு முன்பே ஒன்று நடக்கிறது: பெயர்களை மாற்றிவிடுகிறார்கள். தானியேல் பெல்தெஷாத்சார் ஆகிறான்; அனனியா சாத்ராக் ஆகிறான். பாபிலோனுக்கு இவர்களுடைய அறிவு வேண்டும், அழகு வேண்டும், திறமை வேண்டும். இவர்கள் யாருடைய பிள்ளைகள் என்பது மாத்திரம் வேண்டாம். ஆயினும் அந்தப் புத்தகம் அவனைக் கடைசிவரை தானியேல் என்றே அழைத்துக்கொண்டு போகிறது.

இதற்கு மறுப்பு உண்டு. அதை மறைப்பது நேர்மையன்று. 1995-ஆம் ஆண்டுப் படத்தை இயக்கிய ஓஷீயே ஜொஹான்சனின் தெரிவை ஆதரித்துப் பேசினார். கதாநாயகியின் உடலே செயற்கையானது, அது ஆசிய உடலாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை என்பது அவர் கருத்து. ஜப்பானில் இது பலருக்குப் பெரிய காரியமாகத் தோன்றவுமில்லை. அவர்கள் நாட்டுப் படங்களில் ஜப்பானிய முகங்களுக்குக் குறைவில்லையே! அதிகம் நொந்தவர்கள் அமெரிக்காவில் வாழும் ஆசிய வம்சத்தார். பெரிய திரையில் தங்கள் முகம் நடுவில் நிற்கும் நாளுக்காக நெடுங்காலம் காத்திருந்தவர்கள் அவர்கள். வயிறு நிறைந்தவன் பசியைப் பற்றிச் சொல்லும் தீர்ப்பைப் பசித்தவன்மேல் சுமத்தலாகாது.

அப்படியானால் கதை இடம் மாறவே கூடாதா? கூடும். 'லிவிங்' என்ற பிரிட்டிஷ் படத்தை, முடிந்தால், குடும்பமாகப் பாருங்கள். அகிரா குரோசவா 1952-இல் எடுத்த 'இகிரு' அதன் மூலம். டோக்கியோவில் ஓர் அரசு அலுவலகத்தில் முப்பது ஆண்டுகளாகக் காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்த வதனபே என்பவருக்கு வயிற்றில் புற்றுநோய். மீதியிருக்கும் சில மாதங்களில், சாக்கடை நீர் தேங்கிய ஓரிடத்தைப் பிள்ளைகள் விளையாடும் பூங்காவாக்க அவர் பாடுபடுகிறார். 2022-ஆம் ஆண்டுப் படம் இதை 1953-ஆம் ஆண்டு லண்டனுக்குக் கொண்டுபோனது. வதனபே இங்கே வில்லியம்ஸ். நடித்தவர் பில் நைகி. திரைக்கதை எழுதிய கசுவோ இஷிகுரோ நாகசாகியில் பிறந்து, ஐந்து வயதில் இங்கிலாந்துக்கு வந்து வளர்ந்தவர். இரண்டு வீடுகளின் வாசலையும் அறிந்தவர்.

அந்தப் படத்தில் அலங்காரத்துக்காக ஒரு ஜப்பானிய விளக்குகூடத் தொங்கவில்லை. தேங்கிய சாக்கடை இருந்த இடத்தில், போரில் குண்டு விழுந்து பாழாய்க் கிடந்த மனை வந்திருக்கிறது. ஜப்பானிய அலுவலகத்தின் பணிவு, தொப்பி அணிந்த ஆங்கிலக் கனவான்களின் வாய்பேசாத மரியாதையாகியிருக்கிறது. மண்ணே மாறிவிட்டது, ஆகவே முகம் மாறியது இயல்பாயிற்று. எவருடைய இடத்தையும் எவரும் பறிக்கவில்லை. நம் நாட்களை எண்ணும் அறிவைக் கேட்கிற 90-ஆம் சங்கீதத்தை அடுத்த முறை வாசிக்கும்போது வதனபேயும் வில்லியம்ஸும் ஒன்றாகவே என் நினைவில் வருவார்கள்.

வேறு சிலவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 'டெத் நோட்' கதையை 2017-இல் சியாட்டிலுக்குக் கொண்டுபோனவர்கள் யகாமி என்ற குடும்பப் பெயரை டர்னர் என்று மாற்றினார்கள், அதற்குமேல் உழைக்கவில்லை. எஜமானுக்காக ஷிபுயா ரயில் நிலையத்தில் காத்திருந்த ஹாச்சிகோவின் கதையை 2009-இல் ரிச்சர்ட் கியரை வைத்து எடுத்தபோது, மனிதர் அமெரிக்கர் ஆனார்கள். நாய் மட்டும் ஜப்பானிய அகிடாவாகவே இருந்தது. நான் அழுதுகொண்டே பார்த்தேன், குறை சொல்லமாட்டேன். ஆனாலும் சிரிப்பும் வந்தது. 'ஒன் பீஸ்' 2023-இல் தொடராக வந்தபோது பல நாட்டு நடிகர்கள் நடித்தார்கள். அது எந்நாடும் அல்லாத கற்பனைக் கடல். எழுதிய எய்ச்சிரோ ஓடாவும் கூடவே இருந்து பார்த்துக்கொண்டார். அங்கே யாருக்கும் இழப்பில்லை.

'சைலன்ஸ்' வேறு வகை. கத்தோலிக்கரான ஷுசாக்கு எண்டோ 1966-இல் எழுதிய நாவலை மார்ட்டின் ஸ்கோர்செசி 2016-இல் படமாக்கினார். 17-ஆம் நூற்றாண்டில் ஜப்பானில் விசுவாசிகள் பட்ட உபத்திரவத்தின் கதை. குருமார் போர்ச்சுக்கீசியர், அவர்களாக ஆங்கிலம் பேசும் நடிகர்கள் வருகிறார்கள். கிராமத்து விசுவாசிகளாக நடித்தவர்கள் ஜப்பானியர். கடலோரத்தில் கட்டப்பட்டு அலைகளில் மடியும் மொக்கிச்சியை ஷின்யா சுக்கமோட்டோவின் முகத்தில் கண்டபோது, திருச்சபையின் சாட்சிகளுக்கு எத்தனை முகங்கள் என்று எண்ணினேன். 1971-இல் மசாஹிரோ ஷினோடா இதே நாவலை ஜப்பானில் படமாக்கியபோது, பெரேரா என்னும் போர்ச்சுக்கீசியக் குருவாக நடித்தவர் டெட்சுரோ டம்பா என்ற ஜப்பானியர். முகம் மாற்றும் வழக்கம் மேற்குக்கு மட்டும் உரியதன்று.

இனி அந்தத் தம்பியின் கேள்விக்கு வருகிறேன். சுவிசேஷம் எல்லா நாடுகளுக்கும் போனது மெய்தான். அந்தியோகியாவிலிருந்த புறஜாதியார் யூதராக மாறவேண்டியதில்லை என்று அப்போஸ்தலர் 15-ஆம் அதிகாரத்தில் எருசலேமில் கூடியவர்கள் தீர்மானித்தார்கள். ஆனால் கதை பயணம் போனதினால் இயேசுவின் பிறப்பிடம் மாறிவிடவில்லை. மத்தேயு வம்ச வரலாற்றோடு தொடங்குகிறார். ஆபிரகாம், தாவீது, மோவாபிய ரூத் என்று ஒவ்வொரு பெயரும் அங்கே இருக்கிறது. வேறொருவர் அவ்விடத்தில் உட்கார முடியாதபடி அவர் குறிப்பிட்ட ஒரு குடும்பத்தில், குறிப்பிட்ட ஒரு தாயின் மடியில் பிறந்தார்.

இதை எழுதும் என் மேசைக்கு எதிரே ஒரு படம் மாட்டியிருக்கிறது. சிகாகோ ஓவியர் வார்னர் சால்மன் 1940-இல் தீட்டிய கிறிஸ்துவின் முகம். உங்களில் பலர் வீட்டிலும் உண்டு. இளம்பழுப்பு முடி, வெளுத்த நிறம். ஹாலிவுட்டைக் குறைசொல்ல உட்கார்ந்த என்னை அது பார்த்துக்கொண்டிருக்கிறது.

நானும் நடிகர்களைத் தெரிந்தெடுத்தவன். பல ஆண்டுகளாகக் கிறிஸ்துமஸ் நாடகத்தில் மரியாளாக நிற்பதற்கு நிறமான பிள்ளையையே தேடினேன். நீங்களும் அதையே எதிர்பார்த்தீர்கள். ஓராண்டில், மரியாளின் வசனங்களையெல்லாம் தானாகவே மனப்பாடம் செய்து வந்த ஒரு கறுத்த பிள்ளையை மேய்ப்பர்களோடு நிறுத்தினேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஆராதனை முடிந்தபின் அவள் தாயார் என்னிடம், "மரியாளும் வெயிலில் தண்ணீர் சுமந்த வீட்டுப் பிள்ளைதானே ஐயா?" என்று கேட்டார். உடை அளவு பொருந்தவில்லை என்று சொன்னேன். அது பொய்.

அந்தப் பிள்ளை இன்று திருமணமாகி வேறு ஊரில் இருக்கிறாள். இந்த வாரம் அவளுக்குத் தொலைபேசியில் பேசினேன். இவ்வாண்டு ஒத்திகை நவம்பர் இரண்டாம் வாரம் தொடங்குகிறது. மரியாளின் வசனங்களை இப்போதே எல்லாப் பெண்பிள்ளைகளுக்கும் கொடுத்துவிடும்படி ஓய்வுநாள் பள்ளி ஆசிரியைகளிடம் சொல்லியிருக்கிறேன்.